காலியாக விடாத கட்டம்

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முதலில் அவருடைய அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, அந்த மனுஷரின் வாழ்க்கையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே அக்கா நிற்பார்.

இவருக்கு ஐந்து வயதானபோது அம்மா இறந்துபோனார். அப்பா சரக்கு லாரி ஓட்டியவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மிச்ச நாளெல்லாம் பதினாலு வயது அக்காதான் அம்மா, அப்பா, வாத்தியார், போலீஸ் எல்லாம். தான் சாப்பிட்டாரோ இல்லையோ, தம்பி தட்டு காலியாக இருக்காது. இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர் உயிரோடு வளர்ந்ததே என் நாத்தனாரால்தான். அந்த நன்றி என்கிற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

நாத்தனாருக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சேர்க்கைப் படிவம், மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம் என்று நாள் முழுக்கக் காகிதம். "நான் அனுப்பின ஃபாரம் ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல" என்று அடிக்கடி சொல்வார். ஒருதடவை நான் அதன் ரகசியத்தைக் கேட்டேன்.

"எந்தக் கட்டத்தையும் காலியா விடக் கூடாதும்மா. காலியா விட்டா எவனாவது கேள்வி கேட்பான். இல்லை, தேவையில்லை, விருப்பமில்லைன்னு எதையாவது எழுதிட்டா ஒருத்தனும் கேட்க மாட்டான்" என்றார். நான்கூட அன்றைக்கு, அடேயப்பா, என்ன சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

வீட்டிலும் அப்படித்தான். தம்பியின் பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம், வேலை, வங்கிக் கணக்கு எல்லாப் படிவத்தையும் அக்காதான் படிப்பார், அக்காதான் நிரப்புவார். கடைசியில் ஒரு இடத்தைக் காட்டி, "இங்க போடுடா" என்பார். இவர் போடுவார். அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் அக்காவைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம்.

இத்தனைக்கும் வேலையில் இவரைப் போலச் சந்தேகப்பிராணி கிடையாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று கம்பி வடங்களைச் சோதிப்பார், இன்னொருவர் மேலே மோட்டார் அறையில் இருப்பார். மோட்டார் அறையிலிருந்து "ஏத்தறேன்" என்று குரல் வந்தால், கூரைமேல் இருப்பவர் "ஏத்து" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் காதில் விழாமல் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. மற்றவர்கள் அவசரத்தில் இதையெல்லாம் காற்றில் விட்டுவிடுவார்கள். இவர் விடவே மாட்டார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை திருப்பிக் கேட்பார். அதனால் கம்பெனியில் அவருக்கு 'ரிப்பீட்டு' என்றே பெயர். கூரைமேல் நிற்பவன் உயிர் அந்தப் பதிலில்தான் இருக்கிறது, அவனைக் கேட்காமல் எதையும் நகர்த்தக் கூடாது என்பார்.

நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடை ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் இருக்கிறது. ஒருநாள் காலை இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட்டோடு மாட்டிக்கொண்டேன். நாற்பது நிமிஷம். ரிப்பேர் பார்க்க வந்த ஆளைக் கதவுக்கு உள்ளிருந்தே திட்டித் தீர்த்தேன். அவன் வேலைக்கே லாயக்கில்லை, கம்பெனியையே இழுத்து மூட வேண்டும், இன்னும் என்னென்னவோ. வெளியிலிருந்து ஒரு குரல் பொறுமையாகச் சொன்னது.

"இறக்கப் போறேங்க. சரின்னு சொல்லுங்க."

"இறக்கித் தொலைங்களேன்!"

"சரின்னு சொன்னாத்தான் இறக்க முடியும்."

"சரி! சரி! சரி! போதுமா?"

"ஒரு சரி போதுங்க" என்றது குரல். எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டுக்கு வாரம் ஒருதடவை ஏதாவது கோளாறு வர ஆரம்பித்தது. வந்ததா, வரவழைத்தாரா என்று இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

கல்யாணப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் கட்டடத்துப் படிக்கட்டில் என்னை உட்காரவைத்து அவரே சொன்னார். இருபத்திரண்டு வயதில் கழுத்தில் கட்டி வந்தது. நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய். எட்டு முறை கீமோ ஏற்றினார்கள். முடி கொட்டி, உடம்பு பாதியாகி, பிழைத்து எழுந்து ஆறு வருஷம் ஆகிறது. "இதைச் சொல்லாமக் கல்யாணம் பண்ணினா நான் மனுஷனே இல்ல" என்றார். சொன்னவரை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "எங்க அம்மா முகம் எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு போட்டோகூட இல்ல. அப்பா சொல்வாரு, நான் அச்சு அசல் அம்மா மாதிரின்னு. எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா அந்த முகத்தை ஒருதடவை பார்த்துடலாம்."

அவர் வாழ்க்கையில் கேட்டது அது ஒன்றைத்தான். நகை, வீடு, கார் என்று எதையும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம் போயிற்று, இரண்டு வருஷம் போயிற்று. குழந்தை உண்டாகவில்லை. நாத்தனார்தான் என்னை முதலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வருவார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஊசி எல்லாவற்றுக்கும் கூடவே இருந்தார். கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலியில் எனக்கு உயிரே போய்விட்டது. வெளியே வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறுத்துக்கம்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார்.

எந்த டாக்டராவது, "உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் பதில் சொல்லிவிடுவார். "அவனுக்கு அப்பவே எல்லாம் பார்த்தாச்சு டாக்டர். ஒண்ணும் பிரச்சினை இல்லன்னு சொல்லிட்டாங்க." இவரே ஒருதடவை, "நானும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கறேனே அக்கா" என்றார். "எதுக்குடா வீணா? கல்யாணத்துக்கு முன்னாடியே நான் கேட்டுட்டேன்" என்று முடித்துவிட்டார். அக்காவே கேட்டாயிற்று என்றால் இவர் என்ன பேசுவார்?

மூன்றாவது வருஷம் என் அம்மா எங்களைப் பார்க்க வந்திருந்தார். நாத்தனாரும் இருந்தார். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று கண் கலங்கி, "என் பொண்ணால உங்க தம்பிக்கு ஒரு பிள்ளை இல்லாமப் போயிடுச்சேம்மா. மனசுல எதையும் வெச்சுக்காதீங்க" என்றார்.

"ஐயோ, என்னம்மா பேசறீங்க?" என்றார் நாத்தனார். "நாங்க அப்படியெல்லாம் நினைக்கிற ஆளுங்களா? அவ எங்க வீட்டுப் பொண்ணு. அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல நான் விட மாட்டேன்."

நான் சமையலறைக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதேன். இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைப்பார் என்று உச்சி குளிர்ந்து நின்றேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆறாவது வருஷம் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த ஓர் அம்மா, வேறொரு பெண் டாக்டரைப் பற்றிச் சொன்னார். நான் தனியாகப் போனேன். அந்த டாக்டர் என் காகிதக் கட்டு முழுவதையும் புரட்டிப் பார்த்தார்.

"உங்ககிட்ட ஒரு குறையும் எனக்குத் தெரியல. வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்க?"

"அவருக்கு எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாங்க டாக்டர்."

"யாரு சொன்னாங்க?"

"அவங்க அக்கா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வாயால சொன்னா அது ரிப்போர்ட் ஆயிடுமா? அவரை டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன்."

இவரை ஒன்றுக்கு இரண்டு தடவை பரிசோதித்தார்கள். இரண்டிலும் பூஜ்யம். ஓர் உயிரணுகூட இல்லை. கீமோ எடுத்ததைச் சொன்னதும் டாக்டர் இயல்பாகத் தலையாட்டிக்கொண்டு கேட்டார், "அப்ப எடுத்து சேமிச்சு வெச்சிருப்பாங்களே, அது எந்த ஆஸ்பத்திரியில இருக்கு?"

இவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ. "எதை டாக்டர்?" என்றார்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். கீமோ மருந்துக்கு நல்லது கெட்டது பார்க்கத் தெரியாது. வேகமாகப் பெருகும் அணுக்களையெல்லாம் அடிக்கும். விந்தை உண்டாக்கும் அணுக்களும் அதில் அடிபடும். சிலருக்குக் கொஞ்ச வருஷத்தில் திரும்ப வந்துவிடும், சிலருக்கு வராமலேயே போய்விடும். யாருக்கு எப்படி என்று முன்னாலேயே சொல்ல முடியாது. அதனால் முதல் ஊசி போடுவதற்கு முன்பே விந்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து உறைய வைத்துவிடுவார்கள். எத்தனை வருஷமானாலும் கெடாமல் இருக்கும். கல்யாணமாகாத சின்னப் பையனாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள்.

"அந்த ஆஸ்பத்திரியில இந்த வசதி அப்பவே இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டாங்க" என்றார் டாக்டர், இவர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னதும்.

"சத்தியமா சொல்லல டாக்டர்" என்றார் இவர்.

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிக்காரர்களைச் சும்மா விடக் கூடாது என்று குதித்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பேருந்தில் உட்கார்ந்ததும் கோபம் போய், முகத்தில் வேறொன்று வந்தது. "ஒருவேளை எடுத்து வெச்சிருப்பாங்களோ? நான் காய்ச்சல் மயக்கத்துல இருந்தப்ப... எனக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம் இல்ல?" என்று என்னைக் கேட்டார். அப்படியெல்லாம் மயக்கத்தில் எடுக்க முடியாது என்று எனக்கே தெரியும். "போய்ப் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

பழைய கோப்புகளை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். கூரைவரை இரும்பு அலமாரிகள், தும்மல் வரவழைக்கும் தூசி. அங்கிருந்த ஊழியர் அரைமணி நேரம் தேடி இவருடைய கோப்பை எடுத்துக் கொடுத்தார். பொடி எழுத்துப் படிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் நான்தான் பக்கம் பக்கமாகப் பார்த்தேன்.

ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது. 'சிகிச்சைக்கு முன் விந்து சேமிப்பு' என்று அச்சிட்ட தலைப்பு. விளக்கம் பெற்றவர் என்ற கட்டத்தில் 'மூத்த சகோதரி' என்று எழுதியிருந்தது. நோயாளியின் முடிவு என்ற கட்டத்தில் 'விருப்பமில்லை'. குண்டு குண்டான அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு எரிவாயுப் புத்தகத்திலிருந்து காப்பீட்டுப் பத்திரம்வரை அந்தக் கையெழுத்துதான் இருக்கிறது. அடியில் இவருடைய கையொப்பம். மேலே தேதி. முதல் கீமோ ஏற்றிய நாளுக்கு ஐந்து நாள் முந்தைய தேதி.

ஊழியரிடம், "இதை இவர்கிட்ட நேரா யாருமே கேட்க மாட்டாங்களா?" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "காலியா இருந்தா நர்ஸ் வந்து பேஷன்ட்கிட்டயே கேட்டிருப்பாங்கம்மா. அதுதான் வழக்கம். எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கே, அப்புறம் எதுக்குக் கேட்கப் போறாங்க?"

இவர் அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "கையெழுத்து என்னுதுதான்" என்றார். அந்த ஒரே ஒரு கட்டத்தை மட்டும் நாத்தனார் காலியாக விட்டிருந்தால் போதும். விட மாட்டாரே!

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் வீட்டுக்குப் போனோம். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவருடைய வீட்டுக்காரர் செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு உள்ளறைக்குள் நழுவிவிட்டார். அவர் எப்போதுமே நல்ல புத்திசாலி. இவர் அந்தத் தாளின் நகலை மேசைமேல் வைத்தார். நாத்தனார் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"எனக்கு உன் உயிர்தாண்டா முக்கியமாப் பட்டுச்சு" என்றார். "மறுநாளே மருந்து ஏத்தணும்னாங்க. ஒருநாள் தள்ளினாலும் உன்னை இழந்துடுவேனோன்னு பயந்துட்டேன். அந்த நேரத்துல பிள்ளையப் பத்தி யாருக்குடா யோசனை வரும்?"

"மறுநாள் இல்ல அண்ணி, அஞ்சு நாள் இருந்துச்சு. தேதி போட்டிருக்கு" என்றேன்.

"எனக்கு நாளெல்லாம் ஞாபகம் இல்லம்மா. நீ அங்க இருந்தியா?"

"நான் இருந்த இடத்தைப் பத்தியே கேட்கறேன். என்னை எக்ஸ்ரே டேபிள்ல படுக்க வெச்சுட்டு நீங்க வெளியில உட்கார்ந்திருந்தீங்களே, அப்ப ஞாபகம் இருந்துச்சா? எங்கம்மா உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாங்களே, அப்ப?"

"சில பேருக்குத் திரும்ப வரும்னு அவங்களே சொன்னாங்க. இவனுக்கும் வந்திருக்கும்னு நினைச்சேன்..." என்று மென்று விழுங்கினார்.

"அப்ப டெஸ்ட் எடுக்க விட்டிருக்கலாமே அண்ணி?"

"போதும், விடு" என்றார் இவர். என்னைத்தான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. திரும்பி வரும்போது பேருந்தில் நான் தனி இருக்கையில் போய் உட்கார்ந்தேன். வீட்டு வாசலில் வந்து அவரே சொன்னார், "அவ பயந்துட்டா. எனக்கு அவளை விட்டா யாரு இருந்தா? அவளுக்கும் அப்ப சின்ன வயசுதானே."

"முப்பத்தொண்ணு சின்ன வயசா?" என்று கேட்டேன். அவர் பூட்டைத் திறந்தார்.

ஒரு வழி பாக்கி இருக்கிறது என்றார் பெண் டாக்டர். விதைப்பையைச் சின்னதாகக் கீறி, நுண்ணோக்கி வைத்துத் தேடுவார்கள். எங்கேயாவது ஒரு மூலையில் கொஞ்சம் உயிரணு பிழைத்திருந்தால் அதை எடுத்து என் முட்டையில் செலுத்தலாம். இவரைப் போன்றவர்களில் பத்தில் மூன்று நாலு பேருக்குக் கிடைக்கும் என்றார். எனக்கு அந்தக் கணக்கு பயத்தைக் கொடுத்தது. இவருக்கோ அது போதுமானதாக இருந்தது. "மூணு நாலு பேருல ஒருத்தனா நான் இருக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர், லிஃப்ட்டில் பார்த்த ஒரு சின்னப் பெண்ணைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அவள் எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டாளாம். எட்டு மாடியிலும் நின்று நின்று போனதாம். அவர் அதில் கோளாறு என்று எழுதாமல் வந்துவிட்டாராம்.

அறுவைச் சிகிச்சை மூன்று மணி நேரம் நடந்தது. டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "எல்லா இடத்துலயும் பார்த்துட்டோம்மா. ஒண்ணும் கிடைக்கல" என்றார். மயக்கம் தெளிந்ததும் அவரிடம் நான்தான் சொன்னேன். "சரி" என்றார். ஒரே ஒரு சரி.

மூன்றாம் நாள் மத்தியானம். இவர் கட்டிலில் ஐஸ் பையோடு படுத்திருந்தார். என் அம்மா பார்க்க வந்திருந்தார். சின்ன ஆபரேஷன் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். சற்று நேரத்தில் நாத்தனாரும் ஃப்ளாஸ்க்கில் சூப் எடுத்துக்கொண்டு வந்தார். வர வேண்டாம் என்று நான் சொல்ல இவர் விடவில்லை. கட்டிலைச் சுற்றி எல்லாரும் இருந்தோம்.

அம்மாவுக்கு நாத்தனாரைப் பார்த்ததும் பழைய பாட்டு வந்துவிட்டது. "மாப்பிள்ளைக்கும் பாவம் இப்படி உடம்பு படுத்துது. ஒரு பிள்ளை இருந்தாலாவது மனசுக்கு ஆறுதலா இருக்கும். எங்க பொண்ணுகிட்ட குறை இருந்தும் நீங்க இவ்வளவு பெருந்தன்மையா..."

"அத்தை" என்று இவர் கூப்பிட்டார். "குறை உங்க பொண்ணுகிட்ட இல்ல. என்கிட்டதான்."

அம்மா திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"கீமோ எடுத்ததால எனக்குப் பிள்ளை பொறக்காது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து சேமிச்சு வெச்சுக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷர். லிஃப்ட் ரிப்பேருக்குப் பத்து நிமிஷம் ஆகும் என்று சொன்னால் பத்து நிமிஷத்தில் முடிப்பவர். எங்கேயும் தடுமாறாமல் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். இல்லை என்று நாத்தனார் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஃப்ளாஸ்க் மூடியைத் திறந்தார், மூடினார்.

அம்மாவின் முகம் மாறியது. "நீங்களா மாப்பிள்ளை வேண்டாம்னு சொன்னீங்க? அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தனை வருஷமா என் பொண்ணை ஊசியும் மாத்திரையுமா அலைய விட்டீங்களா?"

இவர் அதற்கும் தலையை ஆட்டப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர் சொல்லலம்மா. அவரை யாரும் கேட்கவே இல்ல. அவருக்குப் பதிலா எழுதினது இவங்க. இவருக்கு எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டருங்ககிட்ட இத்தனை வருஷமாச் சொன்னதும் இவங்கதான்."

"நீ சும்மா இரு" என்றார் இவர்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? அரைமணி நேர வேலை அது. அஞ்சு நாள் இருந்துச்சு. அண்ணி, உயிருக்குப் பயந்து எழுதினேன்னு இவர்கிட்ட சொன்னீங்களே, அது நிஜமா?"

நாத்தனார் ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். கண்ணில் நீர் நிரம்பிவிட்டது.

"எப்படிடா கேட்பேன் உன்கிட்ட? நீ ஸ்கேன் எடுக்கப் போயிருந்தே. அந்த டாக்டர் ஒரு டப்பாவை என் கையில குடுத்து, தம்பிகிட்ட விவரம் சொல்லுங்க, அந்தக் கடைசி ரூம்ல எடுத்துக் குடுக்கட்டும்னாரு. ஒரு அக்கா தம்பிகிட்ட சொல்ற விஷயமாடா அது? எனக்கு வாயே வரல. கூச்சமா இருந்துச்சு. டப்பாவைக் குப்பைத்தொட்டியில போட்டுட்டு எழுதிட்டேன்."

இவர் எழுந்து உட்கார்ந்தார். தையல் இழுத்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கூச்சமா?" என்றார். "பயந்துட்டேன்னு சொன்னியே? அதை நம்பித்தானே நான் இப்ப அத்தைகிட்ட பொய் சொன்னேன்?"

"டேய், தம்பி..."

"பத்து வயசு வரைக்கும் என்னைக் குளிப்பாட்டி விட்டவ நீ. அந்த ஆஸ்பத்திரியில என் வாந்தியைக் கையில ஏந்தினவ நீ. படுக்கையிலயே எல்லாம் போனப்ப துடைச்சு விட்டவ நீ. என்கிட்ட உனக்கு என்னக்கா கூச்சம்?" அவர் குரல் உடைந்துவிட்டது. "நீ ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாம். டப்பாவை என் கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னிருந்தா போதுமே அக்கா."

அழுதார். சத்தம் போட்டு, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை அழுவதுபோல அழுதார். ஆபரேஷன் முடிவைச் சொன்னபோதுகூட அவர் அழவில்லை. நான் எழுந்து போவதற்குள் என் அம்மா போய்க் கட்டிலில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நாத்தனார் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.